நூறு வந்தா அமத்திருவேன்

வைகாசி மாதப் பிற்பகல் ஒன்றில் என் கம்ப்யூட்டரின் சிபியு பெட்டிக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. வேறு ஊராக இருந்தால் யாராவது “என்ன அது?” என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்கள். எங்கள் அச்சகம் இருப்பது சிவகாசியில். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் உள்ளே ஒருவர்கூட இல்லை. ஆஃப்செட் மெஷினில் நின்றவர்கள், பைண்டிங் பெண்கள், முதலாளி எல்லோரும் தெருவில் நின்றார்கள். சத்தத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த நான்தான் கடைசி. பக்கத்து மேசைத் தோழி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அங்கேயே சிலையாக உட்கார்ந்திருப்பேன்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். காதில் போனும் ஒற்றைக் காலில் செருப்புமாக அவர் நின்றார். எதிர்த்த அச்சகத்துக்காரர்களும் என்ன ஏதென்று தெரியாமலே ஓடி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டு ஓடியவரிடம் ஏன் ஓடினீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஐந்து நிமிடம் கழித்து மெஷின்மேன் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். என் மேசைக்கடியிலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்து கரைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தெருவே சிரித்தது.

சற்று நேரத்தில் சர்வீஸ்காரத் தம்பி வந்து பெட்டியைத் திறந்தார்.

“எஸ்எம்பிஎஸ் வெடிச்சிருச்சு அண்ணாச்சி.”

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். “அந்த வார்த்தையை இங்கன சொல்லாதீக. பழுதாயிருச்சுன்னு சொல்லுங்க.”

“சரி, பழுதாயிருச்சு. கரண்டு பிரிச்சுக் குடுக்குற டப்பா இது. சூடு தாங்கல.”

“திரும்ப ஆகாம இருக்க என்ன செய்யணும்?”

“சூட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

புது டப்பாவை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு சின்ன மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். திரையின் வலது மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அதில் இரண்டே எண்கள். மேலே உள்ளது மூளைச் சில்லின் சூடு. கீழே உள்ளது, அந்தச் சில்லின் தலைமேல் சுற்றும் குட்டி ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. மேலே 88 என்று இருந்தது. அப்போது நான் எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை.

“சும்மா இருக்கும்போதே எண்பத்தெட்டா?” என்றாள் தோழி. அவள் முகம் மாறிவிட்டது.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசைன் அறையில் நாங்கள் இரண்டே பேர். நான் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வெம்பக்கோட்டைப் பக்கம். இருவருக்கும் ஒரே வயது, சேர்ந்ததும் ஒரே வருடம். பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும்தான் எங்கள் பிழைப்பு. அவள் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுமுன் கலவையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிற மனிதர். அவர்கள் வீட்டில் ‘இன்னைக்கு வெயில் எப்படி?’ என்பது சும்மா பேச்சுக்குக் கேட்கிற கேள்வி அல்ல. எனக்கு அந்தக் கட்டத்திலிருந்த எண் வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு வேடிக்கையாக இல்லை.

சர்வீஸ்காரத் தம்பி பக்கவாட்டுத் தகட்டை மறுபடி கழற்றி, இந்த முறை சில்லின் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஃபேனைக் காணவில்லை. ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குருவிக்கூடு இருந்தது. காகிதத் தூசி, பஞ்சு, என் தலைமுடி, அவள் தலைமுடி, பக்கத்து அறையில் கல்யாணப் பத்திரிகைக்குத் தூவும் தங்க ஜிகினா எல்லாம் அடையடையாக ஒட்டி, நடுவில் ஏதோ ஒன்று பாவமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின்மேன் அண்ணன் தன் ப்ளோயரைக் கொண்டு வந்து ஒரு ஊது ஊதினார். அறை முழுக்கத் தங்கமழை. அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை, வழுக்கை, மீசை எல்லாம் மினுமினுத்தது. அன்றைக்கு அவர் அப்படியே பேங்குக்குப் போய்விட்டு வந்தார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

தூசு போனதும், சில்லின் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்து காய்ந்து உதிர்ந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவி, பெட்டியை மூடி ஆன் செய்தோம். 61. ஃபேன் இரண்டாயிரம் சுற்று. பத்தாம் வகுப்பு மார்க்குக்குப் பிறகு ஒரு எண்ணைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அதிலிருந்து பித்துப் பிடித்தது.

காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் கட்டத்தைப் பார்ப்பேன். மயில் தோகைக்கு ஒரு நிழல் சேர்த்தால் 68. அம்மன் சேலைக்கு ஜரிகை போட்டால் 74. பின்னணியில் அருவி வைத்தால் 81. எந்தச் சாமி எவ்வளவு சூடு என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பிள்ளையார் குளுமையானவர். தசாவதாரம் ஒரே பக்கத்தில் வந்தால் ஃபேன் ஊளையிடும். ஒவ்வொரு எண்ணையும் நான் சத்தமாகச் சொல்ல, அவள் ஒரு பழைய டைரியில் நேரத்தோடு குறித்துக்கொள்வாள். ஒரு வாரக் குறிப்பை வைத்துக்கொண்டு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

“ஏ புள்ள, பதினொரு மணிக்கு மேல எது செஞ்சாலும் பத்து டிகிரி கூட வருது. கனமான வேலையெல்லாம் காலையிலேயே முடிச்சிரணும். எங்கப்பா அப்படித்தான் செய்றாக.”

“அதுக்காக ஆறரை மணிக்கு வரச் சொல்றியா?”

“வா. நானும் வாறேன்.”

வந்தோம். சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில், தூக்கம் கலையாத பயணிகளுக்கு நடுவே, “இன்னைக்கு ஐம்பத்தஞ்சுல ஆரம்பிக்கும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவேன்.

மெஷின் பகுதிக்கும் இது பரவியது. டீ வேளையில் மெஷின்மேன் அண்ணன் தலையை நீட்டி, “இன்னைக்கு எம்புட்டு?” என்பார். எண்பதைத் தாண்டும், தாண்டாது என்று இரண்டு கட்சி உண்டானது. தோற்ற கட்சி எல்லோருக்கும் உளுந்தவடை வாங்க வேண்டும். ‘தாண்டும்’ கட்சி ஜன்னலை அடைப்பதும் ‘தாண்டாது’ கட்சி ஜன்னலைத் திறப்பதுமாக ஒரு நாள் பெரிய ரகளை. சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார்.

“என்ன, கிரிக்கெட் ஸ்கோரா பாக்கீக?”

நான் பயந்துபோய்க் கட்டத்தைக் காட்டினேன். 83.

“இது என்ன, நம்ம கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல அண்ணாச்சி, இது சூடு. தண்ணி நூறுல கொதிக்கும்ல, அந்தக் கணக்கு.”

“அப்ப கொதிக்கிறதுக்குப் பதினேழுதான் பாக்கியா?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். 82 ஆனது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. 81. “ஏலே, இறங்குதுலே!” என்று மெஷின்மேன் அண்ணனின் தொடையில் அடித்தார். அதோடு அவருக்கும் பித்துப் பிடித்தது.

எங்கே போனாலும் போன் செய்வார். ஹலோ கிடையாது, “எம்புட்டு?” மட்டும்தான். காரியாபட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் முகூர்த்த நேரத்தில் கூப்பிட்டார். பின்னால் கெட்டிமேளம் காதைப் பிளந்தது. தொண்ணூறு என்றேன். “தொண்ணூறா? உடனே மூடியைத் தொறந்து காத்து காட்டுங்க! பக்கத்துலேயே இருங்க, தனியா விட்டுராதீக!” என்று மண்டபத்தில் கத்தியிருக்கிறார். வீட்டில் யாருக்கோ உடம்பு ரொம்ப முடியவில்லை என்று நினைத்து, கல்யாண வீட்டார் அவரைச் சாப்பிடக்கூட விடாமல் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பசியோடு வந்து சேர்ந்தவர் நேராக டிசைன் அறைக்கு வந்து, 72 என்பதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் சாப்பாடு வாங்கிவரச் சொன்னார்.

இந்தக் குஷியில் கீழே இருந்த எண்ணை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தது தோழிதான். ஆடி பிறந்த வாரத்தில் டைரியை என் முன் விரித்தாள்.

“ஃபேன் ரெண்டாயிரத்துல இருந்துச்சு. இப்ப ஆயிரத்து நானூறு. தூசு இல்ல, நான் பாத்துட்டேன். வயசாயிருச்சு.”

மெஷின்மேன் அண்ணன் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு ஆயிரத்துக்கு வந்தது. அந்த மாடல் ஃபேன் மதுரையில்தான் கிடைக்கும், மறுநாள் வந்துவிடும் என்றார் சர்வீஸ்காரத் தம்பி. அவர் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் நான் சொல்லப்போகிற சங்கதி நடந்தது.

சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அதற்கு நான்கு நாள் இருந்தது. பன்னிரண்டு படங்களையும் சேர்த்து அச்சுப் பிளேட் போட அனுப்ப வேண்டிய கடைசி ஃபைல் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். காலையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலைதான். ஒரு லட்சுமியின் கையில் ஆறு விரல் இருப்பதைப் பைண்டிங் அக்கா ஒருத்தி கண்டுபிடித்துவிட்டதால் அதைச் சரிசெய்து முடிக்க மதியமாகிவிட்டது. ஒன்றரை மணிக்கு ஃபைலை எழுதச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். முக்கால் மணி நேர வேலை. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு மணிக்கு, அறுபது சதவீதத்தில், கரண்டு போனது.

மெஷின்கள் ஓய்ந்தன. சீலிங் ஃபேன் மெல்ல நின்றது. ஜெனரேட்டர் அந்த வாரம் பார்த்து ரிப்பேருக்குச் சாத்தூர் போயிருந்தது. என் கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் உண்டு. அது அரை மணி தாங்கும். மேசை ஃபேனையும் அதில் செருகினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

84. ஃபேன் அறுநூறு.

“மூடியைக் கழத்து” என்றாள் அவள். கழற்றினோம். 87. ஃபேன் நானூறு. அது சுற்றுவதை இப்போது எண்ணிவிடலாம் போலிருந்தது. பிறகு ஒரு தயக்கத்தோடு இன்னொரு அரைச் சுற்றுச் சுற்றி, நின்றே விட்டது. கீழே இருந்த எண் பூஜ்யமானது.

அறையில் விசிறி என்று எதுவும் இல்லை. கிடைத்தது தினசரிக் காலண்டர் அட்டைதான். சாமி படம் அச்சடித்து, இன்னும் தாள் ஒட்டாத கெட்டி அட்டைகள் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நான் ஒன்றை எடுத்து வீசத் தொடங்கினேன். மெஷின் ஓடாததால் கை சும்மா இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மெஷின்மேன் அண்ணன் ஒரு பக்கம், பைண்டிங் அக்காமார் மூன்று பேர் ஒரு பக்கம். ஆளுக்கு ஒரு சாமி. அண்ணாச்சி வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“எம்புட்டு?”

“தொண்ணூத்தி மூணு அண்ணாச்சி.”

“தள்ளுங்க.” அவரும் ஒரு அட்டையை எடுத்தார். லட்சுமி முகம் சூட்டைப் பார்த்து இருப்பதைக் கவனித்து, அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வீசினார்.

95. எழுபத்தெட்டு சதவீதம். 96. எண்பத்தைந்து.

தோழி வீசவில்லை. மேசைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, யூபிஎஸ் சுவிட்சில் விரலை வைத்திருந்தாள்.

“நூறு வந்தா அமத்திருவேன்” என்றாள்.

“இன்னும் கொஞ்சம்தான் புள்ள. சூடு மிஞ்சினா அதுவா அணைஞ்சுக்கும், அது வரைக்கும் விடலாம்.”

“அதுவா அணையுற வரைக்கும் எதையும் விடக் கூடாது. நூறு வந்தா அமத்திருவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். நிறுத்தாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருடைய ஆல்பம், அவருடைய ஏஜெண்டுகள். அவர் வீசிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார்.

“அவ சொல்றதுதான் சரி” என்றார். “வீசுங்க, வீசுங்க.”

98. எண்பத்தொன்பது சதவீதம். 99. தொண்ணூற்றொன்று. கை கடுத்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. எண் 99-லேயே நின்று நடுங்கியது. நாங்கள் எவ்வளவு வீசினாலும் இறங்கவில்லை. அப்போது அவள் திடீரென்று கத்தினாள்.

“எல்லாரும் சுத்தி நின்னு வீசுறீக, காத்து முட்டிக்கிட்டு நிக்குது! ஒரே பக்கமா வீசுங்க! அந்தப் பக்கத்தை விட்ருங்க, சூடு வெளிய போகட்டும்!”

ஆறு பேரும் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்றோம். அண்ணாச்சியின் முழங்கை என் விலாவில். மெஷின்மேன் அண்ணனின் பிள்ளையார் என் தலையில். ஒன்று, இரண்டு என்று அண்ணாச்சி எண்ணிக் கொடுக்க, ஒரே வீச்சாக வீசினோம். 98. 97. “இறங்குதுலே!” 96. பைண்டிங் அக்கா ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள்.

தொண்ணூற்றாறு சதவீதம். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கதறத் தொடங்கியது.

“நூறு!” என்று அலறினார் மெஷின்மேன் அண்ணன். “நூறு வந்துருச்சு!”

அவள் விரல் சுவிட்சை அமுக்கப் போனது. நான் அட்டையைப் போட்டுவிட்டு அவள் கைமேல் விழுந்தேன். “ஏய், அது வேற நூறு! அது வேற நூறு! சதவீதம் புள்ள!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஃபைல் முழுதாக எழுதப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் சூடு தானாகவே 88-க்கு விழுந்துகொண்டிருந்தது. பென் டிரைவைச் செருகி ஃபைலை இழுத்துப் போட்டேன். நகல் முடிந்ததும் கம்ப்யூட்டரை அவளே முறையாக அணைத்தாள். பிறகு நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. அண்ணாச்சி எங்களை அதட்ட வாயைத் திறந்து, அவரும் சிரித்து, மூச்சு வாங்கி, கையிலிருந்த லட்சுமியால் தனக்கே விசிறிக்கொண்டார்.

மாலை பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கேட்டேன். “நெசமாச் சொல்லு. நூறு வந்திருந்தா அமத்தியிருப்பியா?”

“அமத்தியிருப்பேன்.”

“ஆல்பம் போயிருக்குமே?”

“நாளைக்கு ஃபேன் வரும், இன்னொரு வாட்டி போட்டுக்கலாம். அம்புட்டுத்தானே?” என்றாள், ஏதோ நான் புரியாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல. எனக்கு வெட்கமாக இருந்தது. உடனேயே “அது வேற நூறு” என்று அவள் என் குரலில் சொல்லிக் காட்டினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் சாத்தூர் பஸ் ஒன்றும் வெம்பக்கோட்டை பஸ் ஒன்றும் எங்கள் கண்ணெதிரே புறப்பட்டுப் போயின. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், “ஏறுறதா இருந்தா ஏறுங்க, சிரிக்கிறதா இருந்தா இங்கனயே இருந்து சிரிங்க” என்றார்.

மறுநாள் மதுரையிலிருந்து புது ஃபேன் வந்தது. மாட்டிய முதல் நாள் 54-க்கு மேல் ஏறவே இல்லை. வடைக் கட்சிகள் இரண்டும் கலைந்துபோயின.

ஆடிப்பெருக்கன்று காலை ஆல்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி வெளியிட்டோம். ஏஜெண்டுகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். முதலில் வந்தவரை அண்ணாச்சி டிசைன் அறைக்கே கூட்டி வந்து, திறந்துகிடந்த பெட்டியைக் காட்டினார்.

“நூறு டிகிரி. அப்படியே கொதிக்குது. இந்தா, இந்த அட்டையை வச்சுத்தான் வீசினேன்.”

ஏஜெண்டு வாய் பிளந்தார். அடுத்து வந்த கோவில்பட்டிக்காரரிடம் அது நூற்றுப் பத்து ஆனது. பதினொரு மணிக்கு நூற்று இருபத்தைந்து. சாப்பாட்டுக்கு முன்பு வந்தவரிடம் நூற்று நாற்பது, கம்ப்யூட்டரிலிருந்து ஆவி பறந்தது, அறையில் அண்ணாச்சியைத் தவிர ஒருவரும் இல்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாராம். ஏஜெண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானும் அவளும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு லட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்கம்மா, நூத்தி நாப்பதுதானே?” என்றார்.

வாய் நிறைய லட்டோடு நாங்கள் வேகமாகத் தலையாட்டினோம்.